வீட்டுக்குள்ளிருந்து எழுதுவது: தாய்மையையும் அன்றாடத்தையும் கவிதையாக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பிள்ளை பிறந்தபின் எழுதத் தொடங்கியவர்களும், எழுதிக்கொண்டிருந்து பிள்ளை பிறந்தபின் நிறுத்திவிட்டவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் இரண்டாவது வகை. மகள் பிறந்து மூன்று ஆண்டுகள் ஒரு வரிகூட எழுதவில்லை. மறுபடி உட்கார்ந்தபோது இந்தக் கேள்விகளில் பாதி எனக்கே இருந்தன. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், சிலவற்றுக்கு இரண்டு வரியே போதுமென்று பட்டது.

எனக்கு யாப்பு தெரியாது, இலக்கியம் முறையாகப் படித்ததில்லை. நான் எழுதலாமா?

எழுதலாம். யாப்பை விட்டு எழுதுவது தமிழில் 1930களிலேயே தொடங்கிவிட்டது. 'மணிக்கொடி' இதழின் காலத்தில் ந. பிச்சமூர்த்தி அப்படி எழுதினார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் அந்தக் கவிதைகளுக்கு இடம் கொடுத்து வளர்த்தது. நீங்கள் புதிதாக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே தாலாட்டு இருக்கிறது. 'தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி எழுப்பும் ஓசைதான் தாலாட்டு. அதைக் கட்டிப் பாடிய பெண்களில் பெரும்பாலோர் ஏட்டைத் தொட்டதில்லை. அசை பிரிக்கத் தெரியாது, ஆனால் தொட்டில் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கைக்குத் தெரியும். வரியின் நீளத்தை அந்தக் கைதான் அளந்தது. யாப்பு கற்பது நல்லது, காது கூர்மையாகும். ஆனால் கற்றுமுடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தால் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும்.

தாய்மையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே 'தியாகம்', 'தெய்வம்', 'கருவறை', 'மெழுகுவர்த்தி' என்றுதான் வருகிறது. உணர்ச்சி உண்மையாக இருக்கிறது, கவிதை ஏன் போலியாகத் தெரிகிறது?

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

அகப்பாட்டுக்குத் தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ள மரம், பறவை, விலங்கு, தொழில் முதலியவை கருப்பொருள். பிரிதல், காத்திருத்தல், ஊடல் என்று மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். மூன்றில் உரிப்பொருள்தான் உயர்ந்தது என்பார்கள். ஆனால் பழைய பாட்டுகளை எடுத்துப் பாருங்கள்: அது வருமுன் மழை வந்திருக்கும், மாலை வந்திருக்கும், ஏதோ ஒரு பறவை கூட்டுக்குத் திரும்பியிருக்கும்.

நான் வாசிக்கும் தாய்மைக் கவிதைகளில் பெரும்பாலானவை உரிப்பொருளில் தொடங்கி உரிப்பொருளிலேயே முடிகின்றன. அன்பு இருக்கிறது. அப்போது மணி என்ன? தெரியாது. எந்த அறை, விளக்கு எரிந்ததா, கை எதைப் பிடித்திருந்தது? தெரியாது. 'தியாகம்' என்ற சொல்லுக்குள் வீடு கிடையாது. உலகத்து அம்மாக்கள் அனைவருக்கும் பொருந்துகிற வரி உங்களைக் காட்டாது. உணர்ச்சி உண்மை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அது நிகழ்ந்த இடத்தைத் தாளில் வைக்காததுதான் குறை.

எனக்கு உதவிய ஒரு வழி: தாளை மூன்றாக மடியுங்கள். முதல் பகுதியில் இடமும் நேரமும். அடுத்ததில் கண்ணுக்குப் பட்ட, கைக்குத் தட்டுப்பட்ட பொருள்கள். மூன்றாவது உணர்ச்சிக்கு. அந்த மூன்றாவதில் எதுவும் எழுதாதீர்கள். முதல் இரண்டையும் நேர்மையாக நிரப்பினால் மூன்றாவது தானாகவே வாசகரின் மனத்தில் எழுதப்பட்டுவிடும்.

தாயைத் தெய்வமாக்கும் பழக்கம் நமக்குள் ஆழமாக இருப்பதால் அதுவே நம் மரபு முழுவதும் என்று தோன்றலாம். காவற்பெண்டு பாடிய புறநானூறு 86ஆம் பாட்டு ஆறே அடி. ஒருவர் வந்து வீட்டுத் தூணைப் பற்றிக்கொண்டு 'உன் மகன் எங்கே?' என்று கேட்கிறார். எங்கே என்று தெரியாது என்கிறாள் தாய். புலி தங்கிவிட்டுப் போன கற்குகை ('கல்லளை') போல அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, போர்க்களத்தில் பாருங்கள் என்கிறாள். 'கருவறை' என்றால் நமக்குக் கோயில் நினைவுக்கு வருகிறது, விழுந்து கும்பிடத் தோன்றுகிறது. 'கல்லளை' என்கிறபோது காலியான ஓர் இடமும், அங்கே படுத்திருந்த உடம்பின் சூடும் தெரிகின்றன. மகன் போய்விட்ட வெறுமையும் பெருமிதமும் ஒரே கல்லில். ஈராயிரம் ஆண்டு முன்பே ஒருத்தி தன் வயிற்றை இவ்வளவு வெளிப்படையாகப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய துணிவைத் தந்தது.

ஒரு கவிதையை வைத்துக் காட்ட முடியுமா?

என்னுடையதையே வைக்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் கண்ட ஓர் இரவுக்குப் பிறகு எழுதியது:

தாய்மை ஒரு தவம்
தூக்கம் துறந்த தியாகம்
கண்ணின் மணியே உனக்காக
உருகும் மெழுகு நான்

எழுதியபோது அழுதேன். ஒரு வாரம் கழித்துப் படித்தால் அந்த இரவே அதில் இல்லை. மூன்று மடிப்புத் தாளை எடுத்தேன். முதலில்: இரவு, கட்டில், சுவரோரம். அடுத்து: அவள் தலை என் இடது கைமேல், கை மரத்துப்போனது, விளக்கின் சுவிட்ச், அதற்கும் என் விரலுக்கும் இடையே கொஞ்சம் தூரம். அதிலிருந்து வந்தது இது:

இடது கை மரத்துவிட்டது.
எடுத்தால் விழித்துக்கொள்வாய்.
வலது கையை நீட்டினேன்,
சுவிட்சுக்கு
நான்கு விரற்கடை குறைந்தது.
விடியும்வரை
விளக்கு எரிந்தது.

பெரிய கவிதை என்று சொல்லமாட்டேன். ஆனால் இதில் அந்த அறை இருக்கிறது. முதல் வடிவத்தில் உருகிய மெழுகு என் கற்பனை. இரண்டாவதில் உண்மையாகவே ஒரு விளக்கு எரிகிறது, அணைக்க முடியாததால். தூங்காமல் இருந்தேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தியாகம் என்ற சொல்லை எடுத்த இடத்தில் நான்கு விரற்கடை வந்து உட்கார்ந்தது.

என் நாளில் எதுவும் நடப்பதில்லை. துவைப்பது, துடைப்பது, கூப்பிடுவது, தூங்கவைப்பது. இதில் கவிதைக்கு என்ன இருக்கிறது?

குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது, அதுவும் ஆறடிதான். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண்ணைப் பார்த்துவந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள்: தயிர் பிசைந்த விரலைத் துடைத்த துணியை மாற்றவும் நேரமில்லாமல் உடுத்தியிருந்தாள், தாளித்த புகை கண்ணில் படிந்தது, அவள் சமைத்ததைக் கணவன் 'இனிது' என்று உண்டான், அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது. நடந்தது அவ்வளவுதான். ஒரு கறைபட்ட துணி, ஒரு புகை, ஒரு சொல், முகத்தில் ஒரு சின்ன அசைவு. அந்த 'நுண்ணிதின்' என்ற சொல்லுக்காகவே இந்தப் பாட்டை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். அவள் சிரித்தாள் என்றிருந்தால் பாட்டு கெட்டிருக்கும்.

இன்னொன்று புறநானூறு 188. பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி, ஓர் அரசன். குழந்தை உண்ணுவதை வினைச்சொற்களாலேயே எழுதிக் காட்டுகிறான்: நடந்து, நீட்டி, இட்டும், தொட்டும், கவ்வியும், துழந்தும், மேலெல்லாம் சிதறியும். 'மயக்குறு' என்ற ஒரு சொல்லைத் தவிரக் குழந்தைக்கு 'அழகிய', 'இனிய' என்று பட்டம் எதுவும் இல்லை, அந்தக் கை என்னென்ன செய்தது என்பதே பாட்டு. இதைக் கவனித்தபின் என் வரிகளில் இருந்த 'பிஞ்சு', 'பூ', 'தேன்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு அவற்றின் இடத்தில் வினைகளை வைக்கத் தொடங்கினேன். அந்தப் பாட்டின் முடிவு வேறு மாதிரி: பிள்ளை இல்லாதவர் வாழ்நாளுக்குப் பயனில்லை என்கிறது. அந்தக் கருத்தை நான் ஏற்கமாட்டேன், அது இன்றும் பலரைக் காயப்படுத்துகிறது. பாட்டில் உயிரோடு இருப்பது கருத்து சொன்ன பகுதியா, கை துழாவிய பகுதியா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

அதனால் எதுவும் நடக்காத நாள் என்று நினைத்தால், அன்று உங்கள் கைகள் செய்த வினைகளை மட்டும் ஒரு பத்து எழுதிவையுங்கள். பிழிந்தேன், உதறினேன், மடித்தேன், தேடினேன், ஊதினேன், முடிபோட்டேன். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடக் கனமாக இருக்கும். எது என்று படித்தவுடனே தெரிந்துவிடும்.

நேரமே கிடைப்பதில்லை. எப்படி எழுதுவது?

அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் 1962ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் தன் முக்கியமான கவிதைகளில் பலவற்றை விடியற்காலை நான்கு மணிவாக்கில், இரண்டு குழந்தைகளும் விழிக்குமுன் எழுதினார். இதைச் சொல்லித் தாய்மாரை நான்கு மணிக்கு எழச்சொல்லும் அறிவுரைகளை நிறையப் பார்த்துவிட்டேன். நான் அதைச் சொல்லமாட்டேன். அவர் அந்தக் காலத்தில் மிகுந்த மனவேதனையில் இருந்தார், அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார். உங்களுக்குத் தூக்கம் கிடைக்கிற நேரத்தில் தூங்குங்கள்.

எனக்குத் துணையாக இருப்பது அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1980இல் சொன்னது. கலைகளிலேயே குறைந்த செலவில் செய்யக்கூடியது கவிதை என்றார் அவர். வேலைக்கு நடுவே, ரயிலில், கிடைத்த துண்டுத்தாளில்கூட எழுதலாம். நாவலுக்குத்தான் தனி அறையும் கட்டுக்கட்டாகத் தாளும் வேண்டும். அவரும் இரு பிள்ளைகளின் தாய். இன்னொரு அமெரிக்கக் கவிஞர் லூசில் கிளிஃப்டனுக்கு ஆறு பிள்ளைகள், அவருடைய கவிதைகளில் பெரும்பாலானவை சிறியவை. வாழ்க்கை கொடுத்த அளவுக்குள் வடிவத்தைக் கண்டுபிடித்துக்கொண்டவர்கள் என்றே இவர்களைப் பார்க்கிறேன்.

என் பழக்கம்: எழுத நேரம் ஒதுக்குவதில்லை, ஒரே ஒரு வரியை மட்டும் நாள் முழுவதும் மனத்தில் வைத்துக்கொள்வேன். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்ப்பேன், நடக்கும்போது ஒரு சொல்லை மாற்றுவேன். இரவில் அது நினைவிருந்தால் கைப்பேசியில் தட்டிவிடுவேன். மறந்துவிட்டால் அதைத் தேடுவதில்லை. மனத்தில் தங்காத வரி தாளிலும் தங்காது என்பது என் அனுபவம். கைகள் ஓய்வில்லாமல் இருந்தால் குரலில் பதிவுசெய்யலாம். என் பதிவுகளின் பாதியில் அழுகைச் சத்தம் கேட்கும், அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கோபம், சலிப்பு, 'இதையெல்லாம் விட்டு ஓடிவிடலாமா' என்ற நினைப்பு. இவற்றைத் தாய் ஒருத்தி எழுதலாமா?

எழுத வேண்டும். அன்பை மட்டும் எழுதினால் அன்பும் நம்பும்படியாக இருக்காது.

புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டு வறுமையை வள்ளல் குமணனிடம் சொல்கிறார். சமைத்து நாளாகி அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் வற்றிய மார்பைச் சுவைக்கச் சுவைக்கக் குழந்தை அழுகிறது. தாய் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள், அவள் கண்ணில் நீர். தாய்ப்பாலின் புனிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அது வராத நேரத்தின் கொடுமை மட்டும் இருக்கிறது. பாலூட்டுவது எளிதாக அமையாத பெண்கள் எத்தனையோ பேர் தங்களைத் தாங்களே பழித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாட்டு தமிழில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது என்று சொல்ல ஆசை.

கோபத்தை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கோபத்தின் உச்சத்தைவிட அதற்கு அடுத்த நிமிடம் கவிதைக்கு நெருக்கமானது. கத்தியபிறகு வீடு எப்படி இருந்தது? பிள்ளை எந்த மூலையில் நின்றது? நீங்கள் எதை எடுத்துத் தேவையில்லாமல் துடைத்தீர்கள்?

இன்னொன்று, இது கவிதையைவிட முக்கியம். பிள்ளை பிறந்தபின் நாள்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற நினைப்பு வருவது, இவை பிரசவத்துக்குப் பின் வரும் மனநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு, குணமாகும். கவிதையில் எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், மருத்துவரிடமும் நெருங்கியவர் ஒருவரிடமும் உடனே சொல்லுங்கள்.

வரியை எங்கே உடைப்பது? நான் உடைத்தால் உரைநடையை வெட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வந்து உட்கார்கிறது. அது வரும்வரை என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய வசதி ஒரு கவிஞருக்கு வேறில்லை. பாருங்கள்:

பள்ளி வாசலில்
என் விரலை
எப்போதும்போல்
விட்டாய்.

'விரலை' என்றபின் பிடித்தாயா, கடித்தாயா, விட்டாயா என்று ஒரு கணம் தொங்குகிறது. கடைசிச் சொல் வந்ததும் எல்லாம் இறங்குகிறது. 'எப்போதும்போல்' என்பதை எடுத்துவிட்டு 'முதன்முறையாக' என்று போட்டால் அது வேறு நாள், வேறு கவிதை.

இன்னொரு வசதி வினையின் விகுதி. விட்டாய், விட்டேன், விட்டோம். யார் விட்டது என்பதை அந்தக் கடைசி எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. அதனால் 'நான்', 'நீ' இரண்டையும் பெரும்பாலான இடங்களில் எடுத்துவிடலாம். தாய்மைக் கவிதைகளில் 'நான்' அதிகமாகி மூச்சுமுட்டுவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். என் கவிதைகளைத் திருத்தும்போது முதல் வேலையாக எல்லா 'நானை'யும் அடித்துவிட்டுப் படித்துப் பார்ப்பேன். மிக அவசியமானது மட்டும் திரும்பி வரும்.

உடைத்தது சரியா என்று தெரிய வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு நிற்காத இடத்தில் வரி நின்றால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

எதுகை, மோனை வேண்டுமா?

தானாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மேலே 'விடியும்வரை விளக்கு' என்று வந்தது நான் தேடிப் போட்டதில்லை. அதைத் தேடப்போய் 'அன்னை, உன்னை, என்னை' என்று அடுக்கினால் கவிதை வாழ்த்து அட்டையாகிவிடும்.

பிள்ளை பேசுவதை அப்படியே எழுதலாமா?

அதைப்போல எளிதாகக் கெடுவது வேறில்லை, எழுதிவிட்டால் அதைப்போல நல்லதும் வேறில்லை. 'ம்மா', 'தாத்தா' என்று மழலையைக் காட்டுவதற்காகச் சொற்களைச் சிதைத்து எழுதினால் வாசகருக்குச் சலிக்கும், அது உங்கள் காதில் மட்டும் ஒலிக்கும் இசை. குழந்தை சொல்லும் சொல்லைவிட அது கேட்கும் கேள்வியில் கவிதை அதிகம். இருட்டு எப்போது வீட்டுக்குள் வந்தது, நேற்று இப்போது எங்கே இருக்கிறது என்று என் மகள் கேட்டிருக்கிறாள். அவற்றை நான் கவிதை ஆக்கவில்லை, அப்படியே தேதியோடு எழுதிவைத்தேன். ஒரு குறிப்பேடு போடுங்கள். தேதி, கேள்வி, அவ்வளவு போதும். அதற்கு உங்கள் விளக்கத்தைச் சேர்த்த அன்று அது கெட்டுப்போகும்.

பிள்ளையைப் பற்றி வெளியில் எழுதுவது சரியா? பெரியவனானதும் அவன் கோபித்துக்கொண்டால்?

அகத்திணைப் பாட்டில் ஒருவரின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. 'சுட்டி ஒருவர்ப் பெயர் கொளப் பெறாஅர்.' உள்ளத்து விஷயம் பேசப்படும் இடத்தில் பெயர் வேண்டாம் என்று அன்றே முடிவுசெய்திருக்கிறார்கள். இதை நான் என் எழுத்துக்கான விதியாகவே எடுத்துக்கொண்டேன். மகளின் பெயர், பள்ளி, நோய், அவள் வெட்கப்பட்ட தருணம் எதுவும் என் கவிதையில் வராது. என் கை, என் பயம், என் விளக்கு வரும். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைத்தான் எழுதுகிறேன்.

பிள்ளை பேசிப் புரிந்துகொள்ளும் வயது வந்ததும் காட்டிக் கேளுங்கள். ஒருமுறை என் மகள் 'இது வேண்டாம்' என்றாள். நான் எழுதியவற்றில் நல்ல கவிதை அது. குறிப்பேட்டில் இருக்கிறது, வெளியே வராது.

எனக்குப் பிள்ளை இல்லை. நான் ஆண். தாய்மையை எழுத எனக்கு உரிமை உண்டா?

உண்டு. செவிலித்தாயும் நற்றாயும் (பெற்ற தாயும்) பேசுவதாக வரும் சங்கப் பாட்டுகளில் பெரும்பகுதி ஆண் புலவர்கள் பாடியவை. பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனைத் தாலாட்டினார். சிலியின் கவிஞர் கபிரியேலா மிஸ்ட்ரல் பிள்ளை பெறாதவர். அவர் எழுதிய தாலாட்டுகள் 1924இல் நூலாக வந்தன. 1945இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார், லத்தீன் அமெரிக்காவிலிருந்து அதை முதலில் பெற்றவர் அவர்தான்.

வளர்ப்பவர், தூக்கிச் சுமந்தவர், காத்திருந்தவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரு கவிதை இருக்கும். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் நின்று எழுதுங்கள். பிரசவ அறைக்கு வெளியே நின்றவர் அந்தக் கதவை எழுதட்டும். உள்ளே நடந்ததைக் கற்பனைசெய்து அலங்கரிப்பதைவிட அந்தக் கதவு பலமடங்கு உண்மையாக இருக்கும்.

இழந்த குழந்தையைப் பற்றி எழுத முடியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸா 1819இல் தன் சிறு மகளை அம்மைநோய்க்குப் பறிகொடுத்தார். உலகம் பனித்துளி போல நிலையற்றது என்று அவருக்குத் தெரியும், அவர் சமயம் அதைத்தான் சொல்லித் தந்திருந்தது. அந்த ஆறுதலை எழுதிவிட்டு, கடைசியில் 'ஆனாலும்' என்ற பொருளில் நிறுத்திவிட்டார். அதற்குமேல் எதுவும் இல்லை. அந்த 'ஆனாலும்' உங்களுக்கும் போதும். வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை. கருவிலேயே போன பிள்ளைக்கும் இது பொருந்தும். அதை இழப்பாகப் பிறர் எண்ணாவிட்டாலும் நீங்கள் எண்ணலாம். யாருக்கும் காட்ட வேண்டாம் என்றால் காட்ட வேண்டாம்.

என் அம்மாவோடு எனக்கு நல்ல உறவு இல்லை. 'அம்மா கவிதை' எழுதச் சொன்னால் எனக்குக் கை நடுங்குகிறது.

அப்படியென்றால் புகழ்ந்து எழுதாதீர்கள், தீர்ப்பும் எழுதாதீர்கள். அவர் செய்த ஒரு செயலை மட்டும் எழுதுங்கள். எப்படிக் கதவைச் சாத்துவார்? கோபமாக இருக்கும்போது துணியை எப்படி மடிப்பார்? என் தோழி ஒருத்தி, பேச்சே நின்றுபோன தன் தாயைப் பற்றி, அவர் போர்வையின் நுனியைக் காலடியில் செருகும் விதத்தை மட்டும் ஏழு வரியில் எழுதினாள். நல்லவரா கெட்டவரா என்று அதில் இல்லை. படித்த எனக்குத் தொண்டை அடைத்தது.

'அன்னை', 'தாய்', 'அம்மா' என்ற மூன்றில் எதைத் தேர்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். அன்னை மேடையில் நிற்கிறாள், தாய் நூலில் இருக்கிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அம்மாதான். உங்கள் வீட்டில் வேறு சொல்லால் கூப்பிட்டிருந்தால் அதையே எழுதுங்கள்.

தனிக்கவிதைகளாக இல்லாமல் ஒரு தொடராக எழுத ஆசை. என்ன வடிவம் பொருந்தும்?

குழந்தையைப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழை ஒருமுறை பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவங்கள் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவையும் சேர்ந்து பத்தாகும். செங்கீரை என்பது குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையை அசைக்கும் பருவம். ஐந்தாம் மாதம். கடவுளையும் அரசரையும் பாட எழுந்த இலக்கிய வகைதான், ஆனால் அதன் எலும்பு முழுவதும் குழந்தையை மாதம் மாதமாகக் கவனித்த கண்.

உங்கள் பருவங்களை நீங்களே வகுத்துக்கொள்ளலாம். முதல் பல், முதல் பொய், தனியே கடந்த முதல் சாலை, உள்ளிருந்து தாழிட்ட முதல் கதவு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பத்து முடிக்கச் சில ஆண்டுகள் ஆகலாம், பிள்ளையின் வேகத்தில்தான் எழுத முடியும்.

கவிதை முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

கடைசி இரண்டு வரியை மூடிவிட்டுப் படியுங்கள். குறை தெரியாவிட்டால் அவை வேண்டாம். தாய்மைக் கவிதைகளின் கடைசி வரியில் பெரும்பாலும் ஒரு பாடம் ஒளிந்திருக்கும். அதை எடுத்தால்தான் கவிதைக்கு மூச்சு வரும்.

பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள். எழுத வேண்டிய காலத்தில் எழுதவில்லை. இனி எழுத என்ன இருக்கிறது?

நற்றிணை 110, போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, மற்றொரு கையில் சிறுகோலை ஓங்கி, 'குடி' என்று செவிலியர் துரத்த, சிலம்பு ஒலிக்க ஓடிய சிறுமி இப்போது மணமாகிப் போன வீட்டில் வறுமையோடு இருக்கிறாள். ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள், தந்தை வீட்டுச் செல்வத்தை நினைப்பதுமில்லை. 'இந்த அறிவை எங்கே கற்றாள்?' என்று கேட்கிறாள் சொல்பவள். அந்தச் சிறுமி ஓடிய நாளில் அவளைத் துரத்திய நரைத்த செவிலியர் களைத்துப்போய் நின்றார்கள். அன்று யாரும் இந்தப் பாட்டைப் பாடியிருக்க முடியாது, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீடு அமைதியான பிறகுதான் கிண்ணமும் கோலும் சிலம்பின் ஓசையும் இவ்வளவு துல்லியமாகத் திரும்பி வந்தன. இரண்டு காலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால்தான் அந்தப் பாட்டு இப்படிக் கனக்கிறது. பிள்ளை கையிலிருக்கும்போது எழுதுகிற எங்களுக்கு அந்த இரண்டாவது காலம் இன்னும் கிடைக்கவில்லை, உங்களிடம் இருக்கிறது.

அவர்களுடைய அறையில் இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள்? மடிக்காத துணியா, பழைய பெட்டியா, இஸ்திரிப் பலகையா? சுவரில் ஒட்டியிருந்த படத்தின் தடம் இன்னும் இருக்கிறதா? தாளை மடித்து, முதல் பகுதியில் அந்த அறையையும் இன்றைய நேரத்தையும் எழுதுங்கள்.